கூற்றும் களனும்: இந்தித் திரையிசை மாலைகள் பற்றி

இந்தித் திரைப்படத்தின் பாட்டையும் ஆட்டத்தையும் கொண்டாடும் மாலை நிகழ்ச்சிகள் இன்று நாட்டின் பெருநகரங்களில் எல்லாம் நடைபெறுகின்றன. தமிழ்ச் சங்கங்களின் அரங்குகளும் இதற்கு விலக்கில்லை. இவற்றைப் புகழ்வார் பலர், இகழ்வார் சிலர், ஆராய்வார் மிக அரியர். புகழ்வோர் இனிமை ஒன்றையே காண்கின்றனர். இகழ்வோர் ‘சினிமாப் பாட்டுத்தானே’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகின்றனர். இருசாராரும் கேளாது விடும் வினா ஒன்று உண்டு. படத்தினுள் ஒருவர் வாயில், ஒருவர்க்கென, ஒரு நிலையில் உரைக்கப்பட்ட பாட்டு, படத்தைப் பிரிந்து மேடைக்கு வருங்கால் எதனை உடன் கொண்டு வருகின்றது? எதனை விட்டு வருகின்றது? இவ்வினாவையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

இத்தகைய மாலையின் அமைப்பு எங்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கக் காண்கிறோம். விளக்கேற்றல், வரவேற்புரை இவற்றின் பின் ஆறேழு வாத்தியங்களோடு பாடகர் வருவர். வாத்தியக் குழுவுக்குப் பொருள் வசதி இல்லாத இடத்தில், முன்பே பதிவு செய்த பின்னிசை ஒலிக்க, அதன்மேல் பாடுவர். முகேஷுக்கு இரண்டு, ரபிக்கு நான்கு, கிஷோர் குமாருக்கு ஐந்து எனப் பாடல்கள் பங்கிடப்படும். இடையிடையே இளையோர் நடனம். பல பாடல்களிலிருந்து இரண்டிரண்டு அடி எடுத்துக் கோத்த கதம்பம் ஒன்று இறுதியில் வரும். தலைமை விருந்தினர்க்குப் பொன்னாடை எப்போது போர்த்துவது என்பது மட்டும் ஊருக்கு ஊர் மாறும். அறிவிப்பாளர் ஒவ்வொரு பாடலுக்கும் முன்னே பாடியவர் பெயரைச் சொல்வார். இசையமைத்தவர் பெயரைச் சில வேளை சொல்வார். எழுதிய கவிஞரின் பெயரை அரிதாகச் சொல்வார். படத்தில் அப்பாட்டை யார், யாரிடம், எந்நிலையில் பாடுகின்றார் என்பதைச் சொல்வாரை யான் கண்டதில்லை.

தமிழ் படித்தோர்க்கு இக்குறை உடனே உறைக்க வேண்டும். பாட்டைக் கூற்றாகக் காணும் பழக்கம் நம் மரபில் ஊறியது. தொல்காப்பியர் செய்யுளியலில் உறுப்புகளை எண்ணுங்கால் மாத்திரை, எழுத்து, அசை, சீர் என ஓசை பற்றியவற்றோடு நின்றுவிடவில்லை. கூற்று, கேட்போர், களன், காலம் என்பவற்றையும் உறுப்புகளாகவே வைத்து எண்ணினார். முன்னம் என்று ஓர் உறுப்பையும் சொன்னார். ஒரு சொல் எவ்விடத்து எவர்க்கு உரியது என்று கேட்போன் குறிப்பால் உணர இடந்தருவது அது. குறுந்தொகையைத் துறைக்குறிப்பின்றிப் படிப்பவன், தோழி தலைவனை இடித்துரைப்பதைத் தலைவியின் சினமென மயங்குவான். ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்று பாட்டின் அடியில் எழுதிவைத்த பழையோர், இம்மயக்கத்தை அறிந்தே எழுதினர்.

இவ்வளவுகோலை இந்தித் திரைப்பாடல்வரை நீட்டுவது மிகையோ எனச் சிலர் ஐயுறலாம். திரைப்பாடலின் பிறப்பை நோக்கின் ஐயம் நீங்கும். இந்தியாவின் முதற் பேசும்படமான ‘ஆலம் ஆரா’ 14-3-1931 அன்று மும்பை மெஜஸ்டிக் அரங்கில் வெளியாயிற்று. அர்தேஷிர் இரானி எடுத்த அப்படத்தில் ஏழு பாடல்கள். அவற்றுள் பெயர் பெற்றது, பக்கிரி ஒருவன் இறைவன் பெயரால் இரந்து பாடுவது. பக்கிரியாக நடித்த வாசிர் முகம்மது கானே தம் குரலில் பாடினார். அப்படத்தின் படி ஒன்றும் இன்று எஞ்சவில்லை. எனினும் அப்பாட்டின் நிலை நமக்குத் தெளிவாகத் தெரிகின்றது. இரப்போன் கூற்று, ஈவோர் கேட்போர். அதே ஆண்டில் அதே இரானியின் நிறுவனம் டி. பி. ராஜலட்சுமியைக் கொண்டு ‘காளிதாஸ்’ எடுத்துத் தமிழ்ப் பேசும்படத்தையும் தொடங்கி வைத்தது. அடுத்த ஆண்டு வந்த ‘இந்திரசபா’வில் பாடல்கள் எழுபதை ஒட்டின. பாட்டு கதையின் மேல் தூவிய சருக்கரையாக வரவில்லை. கதை மாந்தர் பேசுவதற்குரிய வழியாகவே வந்தது.

1935ஆம் ஆண்டு ஒரு பிளவு நேர்ந்தது. கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தின் ‘தூப் சாவோன்’ என்னும் படத்தில், நிதின் போஸ் இயக்கத்திலும் ஆர். சி. போரால் இசையிலும், பாட்டை முன்னரே பதிந்துகொண்டு பின்னர்ப் படமெடுக்கும் பின்னணி முறை புகுந்தது. அன்று முதல் உடல் ஒருவரது, குரல் மற்றொருவரது, சொல் மூன்றாமவரது, பண் நான்காமவரது என்றாயிற்று. இந்நால்வரும் கூடியே ஒரு பாத்திரத்தைப் பேச வைக்கின்றனர். இக்கூட்டின் விந்தையை 1949இல் வந்த ‘மகல்’ படத்தின் இசைத்தட்டில் காணலாம். ஆளரவமற்ற பழைய மாளிகையில் ஒரு பெண்ணின் குரல் தொலைவிலிருந்து நெருங்கி வருகின்றது. கேம்சந்த் பிரகாஷ் இசையமைத்த அப்பாட்டுக்கு, ஒலிவாங்கிக்கு எட்ட நின்று பாடிக்கொண்டே அருகில் நடந்து வந்ததாக லதா மங்கேஷ்கர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார். இசைத்தட்டிலோ பாடியவர் பெயர் ‘காமினி’ என்று அச்சாயிற்று. காமினி என்பது மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர்!

லதாவுக்கு இழைத்த அநீதி என்று இதனைச் சொல்வது சரியே. பாடகர் பெயரைப் பாத்திரத்தின் பெயருக்குள் மறைத்த அவ்வழக்கம் ஒழிந்தது நன்று. ஆயினும் அத்தட்டில் ஓர் உண்மையும் பதிந்திருந்தது: அப்பாட்டு காமினியின் கூற்று என்னும் உண்மை. இன்றைய மாலைகளில் லதாவின் பெயர் நிலைத்தது, காமினி மறைந்தாள்.

கூற்றை மறந்து பாட்டைக் கேட்டால் என்ன கேடு விளையும் என்பதற்கு நம்மிடமே பெருஞ்சான்று உண்டு. புகார்க் கடற்கரையில் கோவலன் யாழ் தொட்டுப் பாடியதும், அதனைக் கேட்ட மாதவி தானும் ஒரு குறிப்புடையாள் போலப் பாடியதும் அகத்துறைப் பாடல்களே. யாரோ ஒரு தலைவன், யாரோ ஒரு தலைவி. அக்கூற்றை மாதவியின் சொந்தக் கூற்றாகக் கோவலன் கொண்டான். கானல் வரியில் தொடங்கிய பிரிவு மதுரையில் எரியாக முடிந்தது. மேடையில் பாடுபவளின் சொல்லை அவளுடைய சொல்லாகவே எடுத்துக்கொள்ளும் இம்மயக்கம், ஆடல் மகளிரைப் பற்றிய இந்திப் படங்கள் பலவற்றிற்கும் உயிர்நிலையாக நிற்பது வியப்புக்குரியது.

நடனத்துக்கு வருவோம். மேடை மாலைகளில் மிகுதியாகச் சிதைவது நடனமே. பாட்டிலாவது சொற்கள் எஞ்சுகின்றன. பொருள் தெரிந்தவன் முன்னத்தால் உய்த்துணரலாம். நடனத்தைப் படத்தினின்று வெட்டியெடுத்தால் எஞ்சுவது உடற்பயிற்சி. எஸ். எஸ். வாசனின் ‘சந்திரலேகா’ 1948இல் தமிழிலும் இந்தியிலும் வெளிவந்தது. வடநாட்டார் கண்டு மலைத்த அதன் முரசு நடனத்தை நினைவு கூர்க. பெருமுரசுகளின்மேல் மகளிர் ஆட, கொடியோன் களித்திருக்க, ஆட்டம் முடிந்ததும் முரசுகளின் உள்ளிருந்து வாளேந்திய வீரர் வெளிப்படுகின்றனர். ஆட்டம் முழுவதும் ஒரு மறைப்பு. மகிழ்விப்பது போல் அழிவைச் சூழ்வது. அந்த இறுதிக் கணத்தை நீக்கிவிட்டு முரசுகளை மட்டும் மேடையேற்றினால் அது எத்துணை அழகாயினும் பாதி நடனமே.

இருபதாண்டு கழித்து, விஜய் ஆனந்தின் ‘ஜுவல் தீஃப்’ (1967) படத்தில் வைஜயந்திமாலா ஆடிய நடனமும் அவ்வினத்ததே. சிக்கிமில் ஒரு கொண்டாட்டம். எங்கும் களிப்பு. ஆடுபவளின் நெஞ்சிலோ வெளியிட இயலாத செய்தி. உதட்டளவு வந்து நின்றுவிட்ட இரகசியம் பற்றியே பாட்டும் பேசுகின்றது. எழுதியவர் மஜ்ரூஹ் சுல்தான்புரி, இசை எஸ். டி. பர்மன். சென்னையில் பரதம் கற்ற அக்கலைஞரின் கால்கள் விரைவதற்கும் கண்கள் தயங்குவதற்கும் இடையே உள்ள முரணே அந்நடனத்தின் பொருள். மேடைக் குழுவினர் கால்களை மட்டும் கற்றுக்கொள்கின்றனர். கண்கள் பார்வையாளரை நோக்கிச் சிரித்தவண்ணம் இருக்கின்றன.

இனி, எல்லா மாலைகளிலும் தவறாது இடம்பெறும் நடனம் ஒன்றைச் சற்று விரிவாகக் காணுதல் தகும். 1988இல் வெளிவந்த ‘தேஜாப்’ படத்தில் மாதுரி தீட்சித் ஆடிய, எண்களை வரிசையாக எண்ணும் பாட்டு அது. எழுதியவர் ஜாவேத் அக்தர், இசை லட்சுமிகாந்த்-பியாரேலால், குரல் அல்கா யாக்னிக், நடன அமைப்பு சரோஜ் கான். நடன அமைப்புக்கெனத் தனிப் பரிசு ஒன்றை ஃபிலிம்ஃபேர் இதழ் ஏற்படுத்தி முதன்முதல் வழங்கியது இப்படத்திற்கே. படத்திற்குள்ளேயே அது ஒரு மேடை நடனம். கூட்டம் அவள் பெயரைக் கூவி அழைக்க, அவள் ஆடுகிறாள். ஆகவே இதனை மேடையேற்றுவது எளிது, பொருத்தமும் கூட என்று எண்ணத் தோன்றும்.

ஆனால் யார் எண்ணுகிறாள்? எதனை எண்ணுகிறாள்? மோகினி என்னும் அப்பெண், தந்தையின் வற்புறுத்தலால் அவன் பொருட்டுப் பொருளீட்ட ஆடுபவள். எண்ணப்படுவன மாதத்தின் தேதிகள். காதலனுக்காகக் காத்திருந்து ஒவ்வொரு நாளாக எண்ணுகின்ற பெண்ணின் சொற்கள் அவை. குறளின் 127ஆம் அதிகாரத்தில் ஒரு பெண் இருக்கின்றாள். பிரிந்தவர் சென்ற நாட்களைச் சுவரில் கோடிட்டு வைத்து, அக்கோடுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணியதால் விரல் தேய்ந்து போனவள்; வழியை நோக்கி நோக்கிக் கண்ணும் ஒளி இழந்தவள். இரண்டாயிரம் ஆண்டு வயதான அத்துறையையே ஜாவேத் அக்தர் அறிந்தோ அறியாமலோ தொட்டிருக்கிறார். குறட்பெண் தனிமையில் எண்ணினாள். மோகினி ஆயிரம் பேர் ஆரவாரத்திடையே எண்ணுகிறாள். அவளுடைய ஏக்கமே அவர்களுக்கு வேடிக்கையாகிறது. அவ்வேடிக்கைக்கு வந்த காசு தந்தையின் கைக்குப் போகிறது. இம்மூன்றையும் ஒருசேர வைத்து நோக்கினால், துள்ளும் தாளத்தின் கீழே ஒரு கொடுமை ஓடுவது புலனாகும்.

இன்றைய மேடையில் இப்பாட்டுக்குப் பத்து வயதுச் சிறுமியர் ஆடுகின்றனர். பார்வையாளர் கைதட்டி உடன் எண்ணுகின்றனர். சிறுமியரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்கு அது எண் சொல்லும் விளையாட்டு. ஆடக் கற்பித்தோரும் ஆட வைத்த பெற்றோரும் ஒரு கணம் நின்று எண்ணியிருக்கலாம். தந்தையின் சொல்லுக்காகக் கூட்டத்தின் முன் ஆடும் பெண்ணின் கதை அது. முன்வரிசையில் அமர்ந்து கைபேசியில் படமெடுத்துக்கொண்டிருக்கும் நம்மை அது சிறிதேனும் உறுத்த வேண்டாமா?

ஆர். கே. நாராயணின் ‘தி கைட்’ (1958) நாவல் 1965இல் இந்திப் படமாயிற்று. நாவலில் ரோஸி தேவதாசி மரபில் பிறந்தவள், பரதமே அவள் மூச்சு, ஊர் மால்குடி. படமோ இராசத்தானத்துக் கோட்டைகளுக்குப் போய்விட்டது. தம் மால்குடியைப் பறிகொடுத்த நாராயண் அதுபற்றி நகைச்சுவையும் கசப்பும் கலந்த கட்டுரை ஒன்று எழுதியதை ஆங்கில வாசகர் அறிவர். அவர் மனத்தாங்கல் நியாயமானதே. ஆயினும் படத்தின் பாடல்கள் நாவல் செய்யாத ஒன்றைச் செய்தன என்பது என் துணிபு.

கணவனால் ஒடுக்கப்பட்டிருந்த ரோஸி, நெடுநாளைக்குப் பின் சலங்கை வாங்கிக்கொண்டு வெளிக் கிளம்பும் நிலையில் ஒரு பாட்டு. வைக்கோல் ஏற்றிய வண்டியிலும் சித்தூர்க் கோட்டையின் இடிந்த மதில்களிலும் அவள் திரிந்து பாடுகிறாள். எழுதிய ஷைலேந்திராவும் இசையமைத்த பர்மனும் அங்கே முறையை மாற்றினர். பல்லவிக்கு முன்னரே சரணத்தின் சொற்கள் தொடங்கிவிடுகின்றன. பல்லவிவரை பொறுத்திருக்க முடியாதவள் போல் அவள் பேச்சு இடையிலிருந்தே பீறிடுகிறது. கட்டறுத்தவளின் கூற்று அப்படித்தான் தொடங்கும். மேடையில் பாடுவோர் பலர், கேட்போர்க்குப் பழகிய பல்லவியை முதலில் எடுத்துக்கொண்டு ‘ஒழுங்குபடுத்தி’ப் பாடுகின்றனர். ஒழுங்கைக் குலைத்ததே அப்பாட்டின் உயிர் என்பதை யார் அவர்க்குச் சொல்வது?

அதே படத்தில் பின்னர் வரும் நீண்ட நடனத் தொடர் வேறு. ரோஸி அங்கே புகழ் பெற்ற நளினி. விழாவுக்கு விழா அரங்குக்கு அரங்கு உடை மாறி ஆடுகிறாள். முன்னதில் கேட்போர் எவருமில்லை. உடன் இருப்பவன் ராஜு ஒருவனே. பின்னதில் கேட்போர் கடலெனத் திரண்டுள்ளனர்; ராஜு பணம் எண்ணத் தொடங்கிவிட்டான். செங்கற்பட்டில் 1938இல் பிறந்து பரதம் பயின்ற வகீதா ரகுமான் இவ்விரண்டிலும் ஆடியுள்ளதை அடுத்தடுத்துக் காண்பவர்க்கு, ஒரே உடலில் இருவேறு பெண்கள் தெரிவர். நம் மாலைகளில் பின்னதே மிகுதியும் ஆடப்படுகிறது. முன்னதற்கு மதிலும் வைக்கோலும் வேண்டும், மேடையில் ஆடுதல் அரிது என்று காரணம் கூறலாம், ஏற்கலாம்.

இதுவரை கூறியவற்றுக்கு வலிமையான மறுப்பு ஒன்று உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. படத்தையே காணாமல் பாட்டை மட்டும் கேட்டு வாழ்நாள் முழுதும் போற்றியவர்கள் கோடிக்கணக்கினர். 1952இல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியினின்று விலக்கி வைத்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே இலங்கை வானொலியில் அமீன் சயானியின் ‘பினாகா கீத்மாலா’ தொடங்கியது. அரசு தடுத்ததைக் கடல் கடந்து வந்த அலை வீடுதோறும் சேர்த்தது. 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கி அரசே இறங்கி வந்தது. இவ்வைந்து ஆண்டுகளில் பாட்டு படத்தின் கையைவிட்டுத் தன் காலில் நடக்கப் பழகிவிட்டது. புலவர் பெருமக்களின் தனிப்பாடல்கள் சூழ்நிலைக் கதையை இழந்தும் சுவை குன்றாது நிற்பது போல இவையும் நிற்கும் என்று வாதிடலாம்.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. வானொலியிலோ இசைத்தட்டிலோ கேட்பவன் தனித்திருந்து கேட்கிறான், பாட்டுக்குத் தானே களன் அமைத்துக்கொள்கிறான், தன்னையே தலைவனாக்கிக்கொள்கிறான். மாலை நிகழ்ச்சி அத்தகையதன்று. அங்கே ஒருவர் எதிரே நின்று பாடுகிறார், ஒருவர் ஆடுகிறார். பலர் கூடிக் கேட்கின்றனர். களனும் கேட்போரும் கண்முன் இருக்க, கூற்று மட்டும் காணாமற்போவதே குறை. தனிப்பாடலுக்குக் கூட, ‘இன்ன வள்ளலைக் காணச் சென்று வாயில் அடைத்திருக்கக் கண்டு பாடியது’ என்று ஒருவரி எழுதாமல் நம் பதிப்பாசிரியர்கள் விட்டாரில்லை. அவ்வொரு வரியை அறிவிப்பாளர் சொன்னால் போதும். படத்தின் பெயர், ஆண்டு, கவிஞர் பெயர், யார் யாரிடம் எந்நிலையில் பாடுவது என்ற குறிப்பு, இரண்டு வாக்கியம். முன்னாள் தலைவர்களின் பட்டியலைப் படிக்கக் கிடைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இதற்கு வேண்டியதில்லை.

கவிஞர் பெயரை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இந்திப் பாடல் என நாம் பொதுவாகச் சொல்வனவற்றுள் பெரும்பகுதி உருதுக் கவிஞர்கள் இயற்றியவை. ஷகீல் பதாயுனி, சாஹிர் லுதியான்வி, மஜ்ரூஹ் ஆகியோர் திரைக்கு வெளியேயும் கவிஞர்களாக மதிக்கப்பட்டவர்கள். பாடலாசிரியர் பெயரும் வானொலியில் சொல்லப்பட வேண்டும் என்று வாதாடியவர் சாஹிர். பாடகர்களுக்கும் தொடக்கத்தில் மதிப்பில்லை. ‘சோரி சோரி’ படத்தின் இசைக்காக ஃபிலிம்ஃபேர் பரிசு தந்தபோது, பாடகர்க்குப் பரிசில்லாத விழாவில் பாடமாட்டேன் என்று மறுத்ததாக லதாவே கூறியுள்ளார். சில ஆண்டுகளில் பாடகர்க்கும் பரிசு வந்தது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் படைப்பின் பயன்பாட்டுக்கு உரிய பங்கை இழவாமல் பெற, 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒருவர் பெயரைச் சொல்லாது விடுதல் சிறு மறதி போல் தோன்றும். அம்மறதிக்கு எதிராகவே இவர்கள் எழுபது எண்பது ஆண்டுகள் போராடி வந்துள்ளனர்.

மாலைக்கென்றே பிறந்த பாட்டும் ஒன்றுண்டு. எல்லைப் போர் முடிந்து சில திங்களே ஆகியிருந்த 27-1-1963 அன்று, புதுதில்லியில் நேரு முன்னிலையில் லதா பாடியது அது. எழுதியவர் பிரதீப், இசை, வாசனின் ‘வஞ்சிக்கோட்டை வாலிப’னுக்கும் இசையமைத்த சி. ராமச்சந்திரா. எந்தப் படத்திலும் இடம்பெறாத பாட்டு. நாட்டு மக்களை விளித்து, மாண்ட வீரரை நினைக்கச் சொல்வது. அங்கே கூற்று ஒரு குடிமகளின் கூற்று, கேட்போர் அங்கிருந்த மக்களே, களன் அவ்வரங்கமே, காலம் அந்தத் தை மாதம். எதையும் இழக்காமல் முழுமையாக மேடையில் நிற்கும் பாட்டுக்கு அதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். திரைக்கலைஞர் கூடிய மாலையில் பிறந்தும் அது திரைப்பாட்டாகாமல் நின்றது.

இதற்கு நேர் எதிரான மாலை ஒன்றைக் குருதத் தம் ‘பியாசா’ (1957) படத்தின் இறுதியில் காட்டினார். இறந்துவிட்டதாக எண்ணப்பட்ட கவிஞன் விஜய்க்கு நினைவு விழா. உயிரோடிருந்தபோது அவனை வாயிலில் நிறுத்தியோர் மேடையில் புகழ்ந்து பேசுகின்றனர். அரங்கின் பின்வாயிலில், கைகளை இருபுறமும் நீட்டிச் சட்டத்தைப் பற்றியவண்ணம், அவனே வந்து நிற்கிறான். ஒளி பின்னிருந்து வீச, முகம் இருளில் கிடக்க, இவ்வுலகமே கிடைத்தாலும் வேண்டேன் என்னும் பொருள்படப் பாடுகிறான். தாழ்ந்த குரலில் தொடங்கிச் சீற்றமாக உயரும் அப்பாட்டு ரபியின் தலைசிறந்த பாடல்களுள் ஒன்று. சொற்கள் சாஹிருடையவை. அது யாரிடம் சொல்லப்படுகிறது? விழா எடுத்தோரிடமும் விழாவுக்கு வந்தோரிடமும். அப்பாட்டையே விழாக்களில் பாடுகிறோம். முன்வரிசையார் தலையசைத்துச் சுவைக்கின்றனர். ஏச்சின் இலக்கு நாமே என்று ஒருவரும் அறிந்ததாகத் தெரியவில்லை. சாஹிர் கண்டிருந்தால் சிரித்திருப்பார்.

இத்துறையில் யான் முதலிடம் தரும் படம் வேறு. பணீசுவர்நாத் ரேணுவின் சிறுகதையைக் கொண்டு ஷைலேந்திரா தம் கைப்பொருளை இட்டு எடுத்த ‘தீஸ்ரீ கஸம்’ (1966) அது. பாசு பட்டாச்சார்யா இயக்கினார். ஹீராமன் ஒரு மாட்டுவண்டிக்காரன். நௌடங்கி நாடகக் குழுவில் ஆடும் ஹீராபாயைச் சந்தைத் திருவிழாவுக்குத் தன் வண்டியில் ஏற்றிச் செல்கிறான். நெடுவழியில் அவன் பாடுகிறான், அவள் கேட்கிறாள். களங்கமற்ற கூற்று, தகுதியான கேட்போர், திறந்த வெளியாகிய களன். பாட்டுக்கு வேறென்ன வேண்டும்? திருவிழா தொடங்கியதும் முறை மாறுகிறது. அவள் மேடையில் ஆடுகிறாள். அவன் கூட்டத்தில் ஒருவனாக அமர்கிறான். மேடையில் அவள் பாடும் சொற்களை அவளுடைய அழைப்பாகவே எடுத்துக்கொண்டு கூட்டம் சீழ்க்கையடிக்கிறது. தகாத சொல் சொல்கிறது. ஹீராமன் அடிதடியில் இறங்குகிறான். கோவலனின் மயக்கம் இங்கே கூட்டத்தின் மயக்கமாயிற்று. ஹீராமனும் அம்மயக்கத்துக்கு முற்றும் தப்பியவனல்லன். அவன் மனத்தில் அவள் பழங்கதையின் தூய நாயகி. இரண்டு கற்பனைகளுக்கும் இடையே நிற்கும் பெண்ணாக வகீதா ரகுமான் நடித்துள்ளார். அவளை அவளாகக் கண்டவர் அவ்வரங்கில் ஒருவருமில்லை. இறுதியில் அவள் தொடர்வண்டி ஏறிப் போகிறாள்; நௌடங்கிப் பெண்ணை இனி வண்டியில் ஏற்றுவதில்லை என்று ஹீராமன் தன் மூன்றாம் சூளுரையைச் செய்கிறான்.

படத்துக்கு நடுவணரசின் தங்கப் பதக்கம் கிடைத்தது. வெளியானபோது அரங்குகள் நிறையவில்லை, பொருளிழப்பு பெரிது. 14-12-1966 அன்று ஷைலேந்திரா மறைந்தார். அப்போது அவர்க்கு அகவை 43. வண்டியில் ஹீராமன் பாடுவதாக அவர் எழுதிய பாட்டை முகேஷின் பாடல்கள் வரிசையில் நம் மாலைகளில் இன்றும் பாடுகிறார்கள். அறிவிப்பாளர் முகேஷின் பெயரைத் தவறாமல் சொல்கிறார்.